கருணை மதிப்பெண்ணும் கைகழுவலும்

2024 மே 9 அன்று கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வெளியாயின. தேர்ச்சி 73.40 விழுக்காடு. முந்தைய ஆண்டு 83.89. பத்துப் புள்ளி சரிவு என்று செய்திகள் சொல்லின. உண்மைச் சரிவு அதைவிடப் பெரியது. 2024இல்தான் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். பார்த்து எழுதுவதும், பெரியவர்களே எழுதவிடுவதும் பெருமளவு அடங்கின. தாள்களைத் திருத்திப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே தேறியிருந்தார்கள். உடனே தேர்வு வாரியம் 10 விழுக்காடாக இருந்த கருணை மதிப்பெண்ணை 20 ஆக்கியது. அதைப் பெறுவதற்கு எடுத்திருக்க வேண்டிய அளவை 35 விழுக்காட்டிலிருந்து 25க்கு இறக்கியது. அப்படி வந்ததுதான் அந்த 73. முதலமைச்சர் சித்தராமையாவே இதைக் கண்டித்தார். 2025இல் கருணை நிறுத்தப்பட்டது. முதல் தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 62.34க்கு வந்து நின்றது. அந்த அக்டோபரிலேயே, தேர்ச்சிக்கு மொத்தத்தில் 33 விழுக்காடும் பாடத்துக்கு 30ம் போதும் என்ற அறிவிப்பு வந்தது.

தெரியாத பிள்ளையைத் தேறியதாக அறிவிப்பது அறமா?

கூடாது என்பவர்களின் வாதம் எளிதானது, வலுவானதும்கூட. இரவு விழித்துப் படித்து 36 வாங்கியவளும், 20 வாங்கி மேலே ஏற்றிவிடப்பட்டவனும் ஒரே சான்றிதழை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அவள் மதிப்பெண் அவளிடமே இருக்கிறது. ஏமாந்தது அவன். சான்றிதழை நம்பி பி.யு.சி.யில் சேர்கிறான். பத்து வரைக்கும் புரியாத கணக்கு பதினொன்றில் புரியப்போவதில்லை. அங்கே தோற்கும்போது அது வேறொரு பட்டியலின் எண். பத்தாம் வகுப்பின் விழுக்காட்டை அது தொடுவதில்லை. தோல்வியைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இந்த நாட்டில் அறிவுக்கான அத்தாட்சி மட்டுமன்று, பல கதவுகளுக்குச் சாவியும் அதுதான். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில், வேறு விலக்கு இல்லையென்றால், குடியகல்வுச் சோதனை தேவை என்ற முத்திரை விழும். வளைகுடாவுக்கு எலக்ட்ரீஷியனாகப் போக நினைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தடை என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அரசின் கடைநிலை வேலைகள் பலவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். பெண் பிள்ளை ஃபெயில் ஆனால் பெங்களூரில் அடுத்த மாதமே பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ கார்மென்ட்ஸ் வேலை, இல்லையென்றால் கல்யாணப் பேச்சு. முக்கோணவியல் வராததற்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்பவரை இளகிய மனக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. 2024இல் தேர்வெழுதிய பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கண்டது வேறு வகைத் தேர்வு. மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் இருப்பார் என்பதை அண்ணன்மார் வழியாக அறிந்து வளர்ந்தவர்கள். அந்த ஏற்பாட்டை நடத்தியவர்கள் பெரியவர்கள். அது ஒரே நாளில் நின்றபோது மாட்டிக்கொண்டவர்கள் பிள்ளைகள். ஆகவே அந்த ஒரு ஆண்டுக்குக் கருணை காட்டியதைக் குற்றம் என்று சொல்லத் தோன்றவில்லை. குற்றம் இருப்பது அதற்குப் பிறகு. கருணை கொடுத்த கையோடு, ஏன் கொடுக்க வேண்டியதாயிற்று என்ற கேள்வியை முடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு கருணையை நிறுத்தியபோது, அதன் இடத்தில் கற்பித்தல் எவ்வளவு வந்து சேர்ந்திருந்தது என்ற கணக்கைவிடத் தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது என்ற கணக்கே மேலே நின்றது. 35ஆ 33ஆ என்பது வகுப்பறைக்குள் நுழையாத விவாதம்.

இதே 2024இல் உடுப்பி மாவட்டம் 94 விழுக்காட்டோடு முதலிடம், யாதகிரி 50.59 விழுக்காட்டோடு கடைசி. யாதகிரிப் பிள்ளைக்குப் பாதி மூளைதான், பாதி உழைப்புதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஃபெயிலான ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ‘சோம்பேறி, கவனமில்லை’ என்று திட்டும்போது சொல்வது அதைத்தான். தோல்விக்கு மாவட்டம் இருக்கிறது, கூலி இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது.

யாதகிரியைப் பார்க்கப் பெங்களூரைவிட்டுப் போகவும் வேண்டியதில்லை. அங்கிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் குடும்பங்கள் கட்டட வேலைக்கு வந்து, வைட்ஃபீல்டு, சர்ஜாபுரம் சாலைப் பக்கம் தகர ஷெட்டுகளில் தங்குகின்றன. அடுக்குமாடி எழும்பி முடிந்தால் ஷெட் வேறு இடத்துக்குப் போகும். பிள்ளையின் பள்ளியும் மாறும், மாறாவிட்டால் நிற்கும். அம்மா சிமென்ட் சட்டி தூக்கப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது மூத்த பெண். வருகைப் பதிவேட்டில் அது ‘ஆப்சென்ட்’.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் சிக்கல் இன்னொரு விதம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னடமோ இங்கிலீஷோ, அதற்குமேல் பெரும்பாலும் இந்தி. ஆறு தாள்களில் மூன்று மொழித்தாள்கள். பேச்சில் கன்னடம் சரளமாக வரும். அறிவியல் விடையைப் பத்து வரி எழுதச் சொன்னால் பேனா நிற்கும். விடை தெரியாமல் நிற்பதும் மொழி தெரியாமல் நிற்பதும் விடைத்தாளில் ஒன்றுபோலவே இருக்கும்.

இப்படிப் பின்தங்கிய பிள்ளையின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் புரட்டினால் அழகாக இருக்கும். கரும்பலகையில் எழுதியது வரிக்கு வரி அப்படியே. ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு. அடியில் சிவப்பு மையில் டிக், தேதி, சுருக்கொப்பம். பல்லுறுப்புக் கோவைப் பாடம் முடிந்திருக்கிறது. அதே பிள்ளையிடம் 42ஐ 3ஆல் வகுக்கச் சொன்னால் விரலை மடக்கத் தொடங்கும், பாதியில் நிறுத்திவிடும். டிக் போட்ட ஆசிரியர் பொய்யர் அல்லர். அவர் போர்ஷன் முடிக்க வேண்டும். மேலே கேட்பவர்கள் போர்ஷன் முடிந்ததா என்று கேட்பார்கள், பிள்ளைக்கு வகுத்தல் வந்ததா என்று கேட்பதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. தொடர் மதிப்பீடு செய்து குறையை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. முதல் பாதி செலவில்லாதது, உடனே அமலானது. இரண்டாவது பாதி படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கியது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, நிறுத்திவைக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குத் திரும்பியது. கர்நாடகம் 5, 8, 9ஆம் வகுப்புகளுக்கே வாரியத் தேர்வு வைக்கப் பார்த்து வழக்கில் மாட்டியது. 2024 ஏப்ரலில் முடிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைத்தால் ஒழுக்கம் வரும் என்போர் ஒன்றை யோசிப்பதில்லை: அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே வேகம், ஒரு வயது கூடிய கூச்சம். இரண்டாவது முறை மட்டும் எப்படிப் புரியும்? கேரளம் 2024-25இல் எட்டாம் வகுப்பில் பாடவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கொண்டுவந்தபோது, எடுக்காதவர்களுக்குத் தனி வகுப்பும் மறுதேர்வும் சேர்த்தே அறிவித்தது. பிள்ளையிடம் ஒன்றைக் கேட்பவர் முதலில் தன் பங்கைக் கொடுத்துவிட்டுக் கேட்கும் முறை அது.

வழி தெரியாமல் தவிக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்து, அவர்கள் எங்கே விட்டார்களோ அங்கிருந்து சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் அதே பேட்டைப் பெண்கள். பலன் கிடைத்ததை அளந்து காட்டியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு; 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். கர்நாடகத்துக்கு இது புதிதுமன்று. 1995இலேயே மைசூர் மாவட்டத்தின் ஹெச்.டி.கோட்டேயில் ‘நலி-கலி’ தொடங்கியது. பிள்ளை தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறும் முறை. அது தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் வகுத்தல் தெரியாதவனை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்காரவைப்பது அவமானம் என்று நினைக்கிறோம். எதுவும் புரியாமல் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதில் என்ன மானம் இருக்கிறதோ தெரியவில்லை.

கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத பிள்ளைகளும், எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைகளும் வேறு இருக்கிறார்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அதைக் கண்டறியும் சோதனையை வகுத்த நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பெங்களூரிலேயே இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஒருவர் என்று சலுகைகளும் உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று யார் சொல்லித் தெரிகிறது என்பதில்தான் கார்ப்பரேஷன் பள்ளிக்கும் கட்டணப் பள்ளிக்கும் வித்தியாசம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் கட்ட விரும்பும் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘உங்க பையனுக்கு இந்த ஸ்டாண்டர்டு சரிப்படாது, டி.சி. வாங்கிக்குங்க’ என்கிறது. அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்கிறது. கருணை மதிப்பெண்ணைப் பித்தலாட்டம் என்று சாடுகிறவர்களில் பலர் இந்த நூறைக் கைதட்டி வரவேற்கிறார்கள். 20 விழுக்காட்டைக் கூட்டுவதும் பத்துப் பிள்ளைகளைக் கழிப்பதும் விழுக்காட்டை உயர்த்தும் இரண்டு வழிகள்தான். முதல் வழியில் பிள்ளைக்கு ஒரு தாளாவது மிஞ்சுகிறது.

கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது எட்டு முதல் பத்துவரை. ஒரு பள்ளியின் தேர்ச்சியைத் தேர்வெழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், மூன்று ஆண்டுக்கு முன் அதன் எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வெளியிடலாம். ஊர் மாறிப் போனவர்கள் வேறு பள்ளியில் பதிவாகியிருந்தால் கழித்துக்கொள்ளலாம். அதற்கான மாணவர் எண் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. சரிபார்க்க ஆள் வேண்டும், செலவும் பிடிக்கும். பல பள்ளிகளின் நூறு அன்றைக்கே எண்பதுக்கோ எழுபதுக்கோ இறங்கும். எட்டாம் வகுப்பில் வகுத்தல் வராமல் வந்து சேர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலைமையாசிரியர் யோசிக்க வேண்டியிருக்கும்; யோசிக்க அவருக்கு மூன்று ஆண்டு இருக்கும்.