கடிதம் வந்த பிறகு

போன மாதம் நம் வெள்ளிக்கிழமை இளைஞர் வகுப்பில் கலந்துரையாடலை நடத்தும் முறை எனக்கு வந்தது. தலைப்பு என் விருப்பம். 'பிறர் செய்த தவறின் பலன் நம் கையில் இருந்தால் என்ன செய்வது?' என்று வெண்பலகையில் எழுதிவிட்டு, ஃபோக்ஸ்வேகன் டீசல் கார் கதையை எடுத்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள். கதை நடந்தபோது அவர்கள் சின்னப் பிள்ளைகள். அதனால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

டீசல் எஞ்சின் நல்ல சூட்டில் எரியும்போது, காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் உண்டாகின்றன. மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தியெடுக்கும். கரும்புகை மாதிரி பளிச்சென்று கண்ணுக்கும் தெரியாது. அதைக் குறைக்க ஒரு வழி, வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுவது. சூடு குறையும், வாயுவும் குறையும். அந்த வேலையைச் செய்வதுதான் இஜிஆர் வால்வு. ஆனால் சூடு குறைந்தால் கரி கூடும். கரி கூடினால் வடிகட்டி அடைக்கும். அடைத்ததை எரித்துத் தள்ள இன்னும் கொஞ்சம் எண்ணெய் செலவாகும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிற விவகாரம்.

ஃபோக்ஸ்வேகன் இதற்குக் கண்டுபிடித்த வழி மென்பொருள். கார் சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் ஓடுகிறதா, நிஜச் சாலையில் ஓடுகிறதா என்று அதுவே கண்டுகொள்ளும். சோதனை என்றால் ஒழுங்குப் பிள்ளை. சாலை என்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். 2015 செப்டம்பர் 18-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இதைப் பகிரங்கமாக அறிவித்தது. அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை வாயு. உலகம் முழுக்க ஏறக்குறைய 11 மில்லியன் கார்கள்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு யாரையும் பிடிக்கக் கிளம்பியவர்கள் அல்லர். 'சுத்தமான டீசல்' சாலையிலும் சுத்தம்தானா என்று பார்க்கப் போனவர்கள். அளக்கும் கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டல் வரை போய்த் திரும்பினார்கள். சோதித்த ஜெட்டா காரில் அனுமதித்ததைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை வந்தது. முதலில் தங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்களாம். அந்தக் குழுவில் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு கைதட்டல். நம் பெயர் எங்கே கேட்டாலும் நமக்குக் கைதட்டத் தோன்றும், என்ன செய்வது!

கம்பெனி செய்தது தப்பு. அதில் பேச ஒன்றுமில்லை. கம்பெனி நீதிமன்றத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது, பொறியாளர் ஒருவர் 40 மாதச் சிறைக்குப் போனார். நான் கேட்க நினைத்தது காரை வாங்கியவரைப் பற்றி.

இங்கிலாந்தில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கார் என்ற விளம்பரத்தை நம்பி, சேமிப்பைப் போட்டு வாங்கியிருக்கிறார். கார் நன்றாக இழுக்கிறது, எண்ணெயும் குடிப்பதில்லை. ஒருநாள் கம்பெனியிடமிருந்து கடிதம். 'உங்கள் காரைக் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்.' பெரும்பாலும் மென்பொருளை மாற்றுவார்கள், 1.6 லிட்டர் எஞ்சினாக இருந்தால் காற்று உள்ளே வரும் வழியில் ஒரு சின்னக் குழாயும் சேர்ப்பார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் பலர் புலம்புகிறார்கள்: இழுவை போச்சு, எண்ணெய் கூடக் குடிக்கிறது, இஜிஆர் வால்வு பழுதாகிறது, நெடுஞ்சாலை நடுவில் கார் திடீரென்று வேகம் குறைந்து நொண்டுகிறது. ஜெர்மனியில் இந்தப் பழுதுபார்ப்பு கட்டாயம். செய்யாத சில கார்களின் பதிவையே ரத்து செய்தார்கள். பிரிட்டனில் கட்டாயம் இல்லை. அங்கே பாதிக்கப்பட்ட கார்கள் ஏறக்குறைய 1.2 மில்லியன். கடிதத்தை எடுத்துக்கொண்டு போகலாம். மேசை டிராயரில் போட்டு மூடிவிடலாம்.

"அவரு ஏன் போகணும்? அவரா ஏமாத்தினாரு? அவரும் ஏமாந்தவர்தானே" என்றான் ஒரு பையன். நியாயம். படிவம் ஐந்து படிக்கும் பெண் விடவில்லை. "கடிதம் வர்ற வரைக்கும் அவர்மேல தப்பில்ல. வந்த பிறகு அவருக்குத் தெரியும் லா. தெரிஞ்சுக்கிட்டே ஓட்டுறாரு." திருட்டு நகை என்று தெரியாமல் வாங்கியவர் கதை மாதிரிதான் என்றாள். தெரியாதவரை அவர் அப்பாவி. போலீஸ் வந்து சொன்ன பிறகும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தால்?

நல்ல உவமைதான். ஆனால் எனக்கு அதில் ஒன்று இடித்தது. நகையைப் பறிகொடுத்தவருக்கு ஒரு முகம் இருக்கிறது. டீசல் புகையில் பறிகொடுத்தவர் யார்? சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்பவர், பக்கத்து அடுக்ககத்தில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை. ஒரு கார் அவர்களிடமிருந்து எடுப்பது துளி. அந்தத் துளிகளைச் சேர்த்துத்தான் அந்த இழுவையும் எண்ணெய்ச் சிக்கனமும் வந்தன. கம்பெனி ஏமாற்றியதில் ஒரு பங்கு, கேட்காமலேயே, கார் வாங்கியவருக்கும் லாபமாகப் போயிருக்கிறது.

அதற்காக 'மனசாட்சிப்படி போய்ச் சரிசெய்துகொள்' என்று அவரிடம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா? சரிசெய்த பிறகு வால்வு கெட்டால் காசு யார் தருவது? வாரண்டி என்பது என்னவோ விற்பனைத் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கதையைப் படித்தபோதுதான் அது அறம் சம்பந்தப்பட்ட காகிதம் என்று புரிந்தது. 'இதனால் வரும் கஷ்டம் இனி என்னுடையது, இத்தனை வருடத்துக்கு' என்று ஒருவர் கையெழுத்துப் போடுவது அது.

அமெரிக்காவில் 2016-இல் வந்த உடன்பாட்டைப் பாருங்கள். 2 லிட்டர் கார் வைத்திருந்தவர் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். விஷயம் வெளியாவதற்கு முன்பிருந்த விலையே கிடைக்கும். அல்லது காரை வைத்துக்கொண்டு சரிசெய்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தனியாக ரொக்கம், பலருக்கு 5,100 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை. சரிசெய்துகொண்டவருக்குப் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்மேல் நீட்டித்த வாரண்டி. பல மாடல்களுக்கு 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல். அதோடு, 2019 ஜூனுக்குள் 85 விழுக்காட்டுக் கார்களைச் சாலையிலிருந்து எடுக்கவோ சரிசெய்யவோ முடியாவிட்டால் கம்பெனி மேலும் அபராதம் கட்ட வேண்டும். அதாவது, உரிமையாளரைச் சம்மதிக்க வைக்கும் பாரமும் கம்பெனி தலையில். பெரும்பாலானோர் காரைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள்.

பிரிட்டனில் முதலில் கடிதம் மட்டும்தான். புலம்பல் கூடிய பிறகு, பழுதுபார்த்த நாளிலிருந்து 24 மாதத்துக்கு, பட்டியலில் உள்ள 11 பாகங்கள் கெட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 'நம்பிக்கையை வளர்க்கும் நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். 25-ஆவது மாதம் கெட்டால் நம்பிக்கை உங்கள் பாடு. வழக்குப் போட்டு, 2022 மே மாதம்தான் ஏறக்குறைய 91,000 பேருக்கு 193 மில்லியன் பவுண்டு என்று சமரசம் ஆனது. அப்போதும் கம்பெனி பொறுப்பை ஏற்கவில்லை. டிராயரில் கடிதத்தை மூடி வைத்த அந்த மனிதரை என்னால் முழுக்கக் குற்றம் சொல்ல முடியவில்லை. நல்லது செய் என்று கேட்பவர், அதற்கான செலவைத் தான் ஏற்காமல் கேட்டால் அந்தக் குரலில் பலம் இருக்காது.

வகுப்பு கிட்டத்தட்ட இப்படித்தான் முடியவேண்டியது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதலில் பேசிய அந்தப் பையன் கேட்டான்: "அண்ணா, உங்க பிக்கப்பும் டீசல்தானே? அதுல எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குப்பா" என்றேன்.

பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா கல்யாணத்துக்கும் விழாவுக்கும் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறார். அதற்கு ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அதன் இஜிஆர் வால்வு கரி பிடித்துச் சிக்கிக்கொண்டது. கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் போகும் போர்மேன் அண்ணன் கணக்குச் சொன்னார். "புதுசு போட்டா ஆயிரத்து இருநூறு வெள்ளி, தம்பி. கழுவி மாட்டினா ஆறு மாசத்துல மறுபடியும் வருவீங்க. ஒரு தகடு வச்சு அடைச்சிட்டா நூத்தம்பதுதான். காடியும் நல்லா இழுக்கும். நெறைய பேரு இப்படித்தான் செய்றாங்க."

"அடைச்சிடுங்கண்ணே" என்றேன். இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை.

அவர் சொன்ன மாதிரியே இழுத்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபோக்ஸ்வேகன் பொறியாளர்கள் மென்பொருளை வைத்துச் செய்ததை நான் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் இரும்புத் தகட்டை வைத்துச் செய்துவிட்டேன். அந்த இங்கிலாந்துக்காரராவது ஏமாந்தவர். என்னை யாரும் ஏமாற்றவில்லை. காசு கொடுத்து நானே செய்துகொண்டது. எனக்குக் கடிதமும் வரப்போவதில்லை.

சாலையில் எத்தனை லாரி போகுது, என் ஒரு காடியால் என்ன ஆகிவிடும் என்ற சமாதானம் என்னிடமும் இருந்தது. என் பிக்கப்பால் யாருக்கும் இருமல் வந்தது என்று நிரூபிக்க முடியாதுதான். அப்படி நிரூபிக்க முடியாததுதான் இந்தத் தப்பை இவ்வளவு வசதியாக ஆக்குகிறது. ஆனால் வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது எனக்கு 11 மில்லியன் ஞாபகம் வரவில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் இறக்கியபோது, ஏர்கோன் ஓடட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் அரை மணி நேரம் திடலோரம் நின்றிருந்தது ஞாபகம் வந்தது. பிள்ளைகள் பிக்கப்புக்குப் பின்னால்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

போன சனிக்கிழமை போர்மேன் அண்ணனிடம் போனேன். தகட்டை எடுத்துவிட்டு வேறு வால்வு போடச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புஸ்பாகோம்ல பிடிச்சிட்டானுங்களா?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன்?" சும்மாதான் என்றேன், அங்கேயும் தைரியம் வரவில்லை. புதுசுக்குக் காசு பத்தாது. ஹாஃப்கட் கடையில் 380 வெள்ளிக்குப் பழைய வால்வு ஒன்று கிடைத்தது. எத்தனை நாள் வாரண்டி என்று கேட்டேன். "நீங்க கடையை விட்டு வெளிய போற வரைக்கும்" என்று கடைக்காரர் சிரித்தார். கழுவி, மாட்டி, கூலியோடு மொத்தம் 520.

மறுநாள் அப்பா ஒரு காதணி விழாவுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு போய் வந்தார். வந்ததும் சாவியை மேசைமேல் வைத்தார்.

"மேட்டுல இழுக்கல. என்னடா பண்ணின?"

சொன்னேன். தகட்டில் தொடங்கி, பள்ளித் திடல், வகுப்பில் சொன்ன பொய் வரைக்கும். அப்பா நடுவில் பேசவில்லை.

"எவ்ளோ ஆச்சு?"

"ஐந்நூத்திருபது."

ஒரு நாற்காலி வாடகை ஒரு வெள்ளி. அவர் மனசுக்குள் 520 நாற்காலியை ஏற்றி இறக்குவது முகத்திலேயே தெரிந்தது. "முன்னாடியே கேட்டிருந்தா அடைக்கவே விட்டிருக்க மாட்டேன்" என்றோ, "காசைக் கரியாக்கிட்டே" என்றோ சொல்வார் என்று காத்திருந்தேன். எதுவும் சொல்லவில்லை. கைகழுவப் போய்விட்டார்.

தகட்டை போர்மேன் அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கரி. வருகிற வெள்ளிக்கிழமை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையனிடம் காட்ட வேண்டும்.