வயதும் வண்ணமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர் பெரியோர். அந்த ஆடைப் பாதியை வயதுதான் தீர்மானிக்க வேண்டுமா?

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், 1980-களிலிருந்து புத்தாண்டையொட்டிக் கார்னிவல் நடைபெறுகிறது. டிசம்பர் 31 நள்ளிரவில், கழிந்த ஆண்டின் அடையாளமாகப் 'பப்பாஞ்ஞி' என்னும் முதியவர் உருவம் எரிக்கப்படும். ஜனவரி 1 ஊர்வலத்தில் வளர்ந்தவர்களும் மாறுவேடம் பூண்டு கூச்சமின்றி நடப்பர். திருச்சூரில் ஓணத்தையொட்டி நிகழும் புலிக்களியில் தொந்தி பெருத்த ஆடவர் உடலெங்கும் புலிவரி தீட்டி ஆடுவர். 2016-இல் பெண்களும் புலிகளாயினர்.

விழாவில் இவர்களைக் கண்டு மகிழும் நாம், மறுநாள் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் பூப்போட்ட சிவப்புச் சேலை உடுத்தினால், 'இந்த வயதில் இது தேவையா?' என்கிறோம். அவர் கணவரை இழந்தவராயின் நம் நாக்கு மேலும் கூர்மையாகிறது. விழாவில் குற்றமற்றது வீதியில் எவ்வாறு குற்றமாகும்?

இடமறிந்து உடுத்த வேண்டும் என்பது உண்மையே. துக்க வீட்டில் கேளிக்கை உடை பிறர் மனத்தைப் புண்படுத்தும். ஆயின் அங்கே அளவுகோல் பிறர் துன்பமேயன்றி, உடுத்துபவர் வயதன்று.

உடுத்துபவருக்கும் ஒரு சோதனை உண்டு. குழந்தை புதுச் சட்டையைக் காட்டி மகிழும். அடுத்த கணமே அதை மறந்து விளையாடப் போய்விடும். பிறர் வியப்பதற்கென்றே உடுத்தினால், ஆடை குழந்தையுடையது, உள்ளம் அன்று. புகழுக்கும் ஏளனத்துக்கும் அசையாத எளிமையே தன்னம்பிக்கை.

ஆகவே, முதியவர் ஒருவர் வண்ண ஆடையில் வரும்போது அவர் வயதைக் கணக்கிட வேண்டாம். அவர் முகத்தில் மலர்ந்துள்ள மகிழ்ச்சி நம் சொல்லால் வாடாதிருக்கட்டும்.