முகத்தைக் கொடுங்கள்!

"பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்? தலை நிக்கட்டும், அப்புறம் தூக்கிக்கிறேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நழுவும் அப்பாவே, உங்களிடம்தான் பேசுகிறேன். "எனக்கு ஒரு தாலாட்டுகூடத் தெரியாதே" என்று உள்ளே படுக்கையில் குமையும் அம்மாவே, உங்களிடமும்தான். அந்தப் பிள்ளைக்கு நிறையத் தெரியும். உங்கள் பலம்தான் உங்களுக்குத் தெரியவில்லை!

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிற தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். மடியில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் அம்மா முகத்துக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான் இடைவெளி. தொட்டிலுக்கு மேலே, இளநீலத்திலும் ரோஸிலும் சுற்றுகிறதே விலை உயர்ந்த பொம்மை, அது பிள்ளைக்கு வெறும் மங்கல். கறுத்த புருவம், வெள்ளை விழி, அசையும் வாய் என்று ஒரு முகம் குனிந்தால் கண் அங்கேயே நிலைக்கும். 'மூளை வளர்ச்சிக்கு' என்று அட்டையில் அச்சடித்து விற்கிறவனுக்கு உங்கள் தாழ்வு மனப்பான்மைதான் முதல். அதை ஏன் அவனுக்குக் கொடுக்கிறீர்கள்?

குரல் நன்றாக இல்லையென்று வெட்கமா? 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்தார்கள். ஒரு தாளத்தில் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும்; இன்னொரு தாளத்தில் வேறொரு பெண்ணின் குரல். அம்மா குரல் கேட்க வேண்டுமென்று அந்தப் பொடிசுகள் தாளத்தையே மாற்றிக்கொண்டன! சுருதி சேர்ந்ததா என்று எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை. பாட்டு வராவிட்டால் ரேஷன் கடைக் கணக்கைச் சொல்லுங்கள். ராகம் போட்டு, இழுத்து, கண்ணை அகல விரித்துச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் "யாரு இது? எங்க ராசாவா இது?" என்று நீட்டி முழக்கினார்களே, அந்தக் கொஞ்சல் பேச்சைத்தான் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்று ஆய்வுக்கூடங்களும் பின்னால் சொல்லின.

அப்பாக்களுக்கு ஒரு கசப்பான சேதி. 1984இல் அதே டிகாஸ்பர் அப்பாக்களின் குரலைச் சோதித்தார். பிறந்து இரண்டே நாளான குழந்தைகள் வேறொரு ஆணின் குரலைவிட அதைப் பெரிதாக நாடவில்லை. அம்மாவுக்குப் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே உறவு தொடங்கிவிட்டது. நீங்கள் வெளியிலிருந்து சம்பாதிக்க வேண்டும். சம்பாதியுங்கள்! ஈரத்துணி மாற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது பேசுங்கள். பேசிவிட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை காலை உதைக்கும், வாயைக் குவிக்கும். அதுதான் பதில். ஆறு, எட்டு வாரத்தில் அதே இடைவெளியில் 'ங்கா' வந்து உட்காரும்.

பதில் வரும் நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர் சில மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், விளையாட்டை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்திருக்கச் சொன்னார். குழந்தைகள் முதலில் சிரித்து இழுத்துப் பார்த்தன. பலிக்காதபோது தவித்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. உங்கள் முகத்துக்கு அவ்வளவு அதிகாரம்!

'எங்களிடம் காசில்லையே' என்பீர்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழை வீடுகளைப் பாருங்கள். 1986–87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற ஆய்வாளரின் குழுவினர் அங்கே வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். பச்சிளங்குழந்தைகள் அல்ல, 9 முதல் 24 மாதப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டிலேயே செய்யக்கூடிய பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு விளையாட அம்மாவுக்குப் பழக்கினார். இரண்டு வருடம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் 22 வயதானபோது, அந்த விளையாட்டு கிடைக்காத பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த அம்மாக்கள் எந்தப் படிப்பு படித்துவிட்டு விளையாட உட்கார்ந்தார்கள்?

துணிச்சலுக்கும் முரட்டுத்தனத்துக்கும் வித்தியாசம் உண்டு. கழுத்துக்கு எப்போதும் கை கொடுங்கள். குலுக்குவதும் தூக்கிப்போட்டுப் பிடிப்பதும் கூடவே கூடாது. முழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சில் குப்புறப் போடுங்கள், தலையைத் தூக்கிப் பழகட்டும், தூங்கும்போது மல்லாக்கத்தான். கொட்டாவி விட்டாலோ முகத்தைத் திருப்பினாலோ ஆட்டம் முடிந்தது என்று பொருள். பெரும்பாலும் சில நிமிடம்தான் தாங்கும். பெரியவர்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் கொஞ்ச வேண்டுமென்று ஆசை!

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருகிறது, எதுவும் ஒட்டவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை, அம்மா. இரண்டு வாரம் தாண்டியும் மனசு கனத்தே கிடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்வதும் தைரியம்தான். அதுவரை அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். அவர்கள் முகமும் முகம்தானே?

அதோ, சிணுங்காமல் முழித்துக் கிடக்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது, தூக்கமும் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடையாது. போங்கள், ஒரு சாண் தூரத்துக்குக் குனியுங்கள். மெல்ல நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் பொறுத்திருங்கள். பிறந்த குழந்தை அதைப் பார்த்து நாக்கை நீட்டும் என்று 1977இல் மெல்ட்சாஃப், மூர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். இல்லை என்று இன்றுவரை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்!