படி என்று கொடுக்கும்போது

ஒரு புத்தகத்தை இன்னொருவர் கையில் வைத்து 'இதைப் படி' என்று சொல்வதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதற்கான தகுதி எங்கிருந்து வருகிறது? பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவந்து உணவகக் குசினிகளில் நிற்கும் எம்மைப் போன்றவர்களிடமும், நாலு புத்தகம் வாசிப்பவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, "பிள்ளைக்கு ஒரு நல்ல கதைப்புத்தகம் சொல்லுங்கோ" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த 'நல்ல' என்ற சொல்லைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பெற்றோருக்கு நல்ல கதை என்றால் நீதி சொல்லும் கதை. இது எமக்கு மட்டும் உரிய வியாதியல்ல. நாம் வாழும் பிரான்ஸில் 1949 யூலை 16இல் சிறுவர் வெளியீடுகளுக்கென ஒரு சட்டம் வந்தது. கொள்ளை, பொய், களவு, கோழைத்தனம், வெறுப்பு ஆகியவற்றை நல்லவையாகக் காட்டக்கூடாது என்றது அன்றைய வாசகம். சோம்பலும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1945இல், சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 'பிப்பி' என்ற சிறுமியைப் படைத்திருந்தார். ஒன்பது வயது. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடம் போகமாட்டாள், கூசாமல் பொய் சொல்வாள், தன் குதிரையை ஒற்றையாளாகத் தூக்குவாள். 1951இல் பிரெஞ்சில் வந்த பதிப்பில் அந்தக் குதிரை மட்டக்குதிரையாகிவிட்டது. குதிரையைத் தூக்குவதைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அப்படியானால் மட்டக்குதிரையைத் தூக்கும் பிரெஞ்சுச் சிறுமியின் படம் ஒன்றை அனுப்புங்கள் என்று லிண்ட்கிரென் கேட்டாராம். முழுமையான மொழிபெயர்ப்பு 1995இல்தான் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்வது பிப்பியைத்தான். தன் பலத்தை அவள் எளியவரிடம் காட்டுவதில்லை. எளியவரை அடிப்பவனிடம்தான் காட்டுகிறாள். இதைவிட என்ன நீதி வேண்டும்?

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு, ஜூடித் கெர் 1971இல் எழுதிய 'ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது'. 1933இல் பெர்லினை விட்டு வெளியேறி சுவிஸ், பரிஸ், லண்டன் என்று அலையும் யூதக் குடும்பத்தின் கதை. ஒரேயொரு விளையாட்டுப் பொருளைத்தான் கொண்டுபோகலாம் என்றபோது அன்னா புதிய நாய்ப்பொம்மையை எடுத்துக்கொண்டு முயலை விட்டுவிடுகிறாள். எம் பிள்ளைகளுக்கு இது விளங்கும். ஆனால் 'பார், நாமும் இப்படித்தான் கஷ்டப்பட்டு வந்தோம்' என்று சொல்லிக் கொடுத்தால் அது கதைப்புத்தகமல்ல, பிள்ளையின் பெயரில் எழுதிய கடன்சீட்டு.

பதின்வயதினரோ நாம் சொல்லாமலே தெரிவுசெய்கிறார்கள். சூசன் கொலின்ஸ் 2008இல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' அவற்றில் ஒன்று. பன்னிரண்டு மாவட்டங்களும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயது வரையான ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதைத் தொலைக்காட்சி காட்டும். பெரியவர்கள் இதைக் கற்பனைக் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். வன்னியின் கடைசிப் போர் ஆண்டுகளில் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டார்கள். சில வீடுகளில் அந்த ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை. நாவலை மூடிவிட்டு மகள் வந்து, "அப்பா, உங்கட ஊரிலயும் பிள்ளையளைப் பிடிச்சவையோ?" என்று கேட்டால் என்ன சொல்வது? 2009இல் இராணுவத்தின் எறிகணைகள் ஆஸ்பத்திரிகள் மீதும் விழுந்தது உண்மை. பிள்ளை பிடித்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதும் குதிரையை மட்டக்குதிரையாக்கும் வேலைதான்.

வளர்ந்தவர்களிடம் சிக்கல் வேறு. எழுதியவர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைத் திறக்கிறோம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் 2001இல் வந்தது. அதை வாசிக்காமலே புகழ்ந்தவர்களும் உண்டு, வாசிக்காமலே திட்டியவர்களும் உண்டு. ருசி பார்க்காமல் கறியை வெளியே அனுப்பும் சமையல்காரனை எந்த முதலாளி வைத்திருப்பார்? கடைசி மெத்ரோவில் களைத்து வீடு திரும்பும் தோழருக்கு சிமெனோனின் மெக்ரே துப்பறியும் நாவல்களைச் சொல்வோம். அதில் இலக்கியத் தரக்குறைவு எதுவுமில்லை. குற்றவாளியைத் தீர்ப்பிடுவதற்கு முன் விளங்கிக்கொள்ள முயலும் ஒரு பொலிஸ்காரரை அங்கே காணலாம்.

பிரான்ஸில் ஆசிரியராக இருந்த டானியல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளை வகுத்தார். முதலாவது, வாசிக்காமல் விடும் உரிமை. வாசிப்பவருக்கு உரிமை உண்டென்றால் கொடுப்பவருக்குக் கடமையும் உண்டு. நாம் மூன்றைச் சொல்வோம். தான் படித்ததையே கொடுக்க வேண்டும். பாதியில் மூடிவைத்தால் கோபிக்கக்கூடாது. படித்துவிட்டு வந்து கேட்கும் கேள்விக்கு மறுமொழி சொல்ல இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். நாம் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது பிள்ளைகள் நித்திரை. ஆனாலும் கிழமையில் ஒருநாள் உணவகம் பூட்டு. அந்த நாளில் ஒரு மணித்தியாலம் கேள்விகளுக்கென்று ஒதுக்கச் சம்மதமென்றால், எந்தப் புத்தகத்தையும் பயப்படாமல் கொடுக்கலாம்.