முறமும் சுண்ணாம்புத் தொட்டியும்

அப்பாவின் வேலை வாசலோடு நின்றுவிடும். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்ததும் பின்கட்டில் சோப்பு தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே வருவார். அப்படியும் சுண்ணாம்புத் தொட்டியின் வாடை முழுசாகப் போகாது. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஷாப்பின் மதிலுக்குள் என்ன செய்கிறார் என்று மேல்விஷாரத்திலேயே வளர்ந்த எனக்குப் பத்து வயது வரை தெரியாது.

அம்மாவின் வேலை நடுவீட்டில் கிடக்கும். மடியில் முறம், முறத்தில் பீடித்தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளை நிரவி, ஒரே உருட்டில் சுருட்டி, நுனியை நகத்தால் மடித்து நூல் கட்டுவாள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். பெருக்கல் எனக்கு அந்தக் கட்டுகளில்தான் புரிந்தது. ஆனாலும் பள்ளியில் கேட்டபோது, "அப்பா தோல் ஷாப், அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றேன். வெளியே போய் வந்தால்தான் வேலை என்று நினைத்திருந்தேன்.

இருவரும் எனக்குச் சொன்ன புத்தி வேறு வேறு. "மேஸ்திரி சொன்னா எதுக்குன்னு கேக்காத, செஞ்சிடு" என்பார் அப்பா. டிரம்மில் நேரம் தவறினால் ஒரு லாட் தோல் முழுதும் பாழ். கேள்வி கேட்டவன் மறுநாள் வாசலில் நிற்பான். தூள் எவ்வளவு வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டால், "இலையப் பாத்துப் போடுடா, அதுவே சொல்லும்" என்பாள். அவளுக்கு மேஸ்திரி இல்லை. ஆனால் பீடிக் கம்பெனியில் கழித்துப்போட்ட ஒவ்வொரு பீடியும் அவள் கூலியில் குறையும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோன் 1969இல் வெளியிட்ட நூலில் வேலைக்கும் வளர்ப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் ஆராய்ந்தார். மேலாளின் கண்காணிப்பில் வேலை செய்யும் பெற்றோர் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்க்கிறார்கள். தாமே முடிவெடுத்து வேலை செய்பவர்கள் சுயமாக யோசிப்பதை எதிர்பார்க்கிறார்கள் என்றார். படித்தபோது எங்கள் வீடுதான் கண்ணில் வந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருந்தன. இன்றும் மேலதிகாரி முன்னால் என் வாய் அப்பாவைப் போல மூடிக்கொள்கிறது. முடித்த வேலையை ராத்திரி மறுபடி எடுத்துப் பார்க்கும் கை அம்மாவுடையது. என் மகளுக்கு இதில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பே பேசுகிறது. அது நியாயமான தீர்ப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சுத்திகரிப்புக்கு வழி செய்யும்வரை அப்பா வேலை பார்த்த ஷாப்பைப் பூட்டினார்கள். வீடு அம்மாவின் முறத்தில் ஓடியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டிப் பார்த்தார். ஈரத்தோலைச் சுமந்து தடித்த விரலுக்கு அந்த இலை பிடிபடவில்லை. பீடி தளர்ந்து தூள் கொட்டியது. அவர் தூங்கிய பிறகு அம்மா அவற்றைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். நான் விழித்திருந்ததைப் பார்த்து, "சொல்லாத" என்று கண்ணைக் காட்டினாள்.

வீட்டில் உட்கார்ந்து சுருட்டுபவரையும் அன்றிருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்றுதான் சொன்னது. பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் அப்போது இருந்தது. அடுத்த வருடம் அதற்கான படிவம் வந்தது. அப்பாதான் நிரப்பினார். 'தொழிலாளியின் பெயர்' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அம்மாவின் பீடி கார்டைக் கேட்டு வாங்கி, அதில் இருந்தபடியே, எழுத்துப் பிழை வந்துவிடாமல், அவள் பெயரை மெதுவாக எழுதினார்.