அடைக்கலப் பொருள்

சிவமயம்



சென்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கி நின்றபோது, லண்டனில் மணிக்கூடும் நகையும் திருத்தும் சிறு கடை நடத்தும் அன்பர் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டார். "ஐயா, வயது போய்விட்டது. கடையை மூடப் போகிறேன். திருத்தி முடித்த சாமான்கள் லாச்சி நிறையக் கிடக்கின்றன. வருஷக் கணக்காக ஒருவரும் வந்து எடுக்கவில்லை. ஒரு குழந்தையின் காற்சங்கிலி கூட இருக்கிறது. எல்லாவற்றையும் விற்றுக் கோயில் உண்டியலில் போட்டுவிடட்டுமா?"

நல்ல மனத்தோடு கேட்ட கேள்வி. ஆனால் உடனே "ஆம்" என்று சொல்ல என் நா எழவில்லை. தில்லையில் வாழ்ந்த ஒரு குயவர் என் நினைவுக்கு வந்தார்.

திருநீலகண்ட நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் சொல்லியிருக்கிறார். சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்து, "நான் கேட்கும்போது தா" என்று சொல்லிப் போனார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தார். ஓட்டை அவரே மறைத்துவிட்டார். நாயனார் தேடித் தேடிக் களைத்தார். "இத்தனை காலம் கழித்து வந்தீரே, நான் என்ன செய்வேன்?" என்று அவர் கேட்டாரா? இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று கெஞ்சினார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் முன் போயிற்று. மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார் யோகி. மனைவியைத் தீண்டுவதில்லை என்ற விரதத்தை ஊரறியாமல் காத்து வந்தவர் நாயனார். அந்த இரகசியத்தையே சபையறியச் சொன்னார். மூங்கில் தண்டின் இரு முனைகளையும் இருவரும் பற்றி மூழ்கி, இளமையோடு எழுந்தார்கள். ஒரு மண்ணோட்டுக்காகத் தம் மானத்தையே முன்வைத்தார் அந்தத் தொழிலாளி.

அன்பர்களே, கடைக்காரர் கையில் இருக்கும் பிறர் பொருளும் அடைக்கலப் பொருள்தான். காலம் போனதால் மட்டும் அது நம்முடையதாகி விடாது. நம்முடையது அல்லாததை இறைவனுக்குக் கொடுத்தால் அது காணிக்கையும் ஆகாது.

அப்படியானால் ஆயுள் முழுவதும் காத்துக் கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. வேலை முடிந்தது, வந்து எடுங்கள் என்று உரியவருக்கு அறிவிக்க வேண்டும். வராவிட்டால், இன்ன தேதிக்குப் பிறகு விற்பேன் என்று பதிவுத் தபாலில் எழுத வேண்டும். திருத்தக் கூலி பாக்கியிருந்தால் விற்பனைக்குக் குறைந்தது 3 மாத அவகாசம் கொடுக்க வேண்டும். முகவரி மாறியிருந்தால் நியாயமான அளவுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். பின்பு நல்ல விலைக்கு விற்று, விற்ற செலவையும் கூலியையும் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் உரியவருடையது. தர்மம் சொல்வதும் இதுவே: உழைத்தவன் கூலி உழைத்தவனுக்கு, மிச்சம் உடையவனுக்கு.

ஆகவே அந்த அன்பருக்கு நான் சொன்னது: ஒவ்வொரு பொருளுக்கும் கடிதம் போடுங்கள், பிரதியை வைத்திருங்கள், மிச்சக் காசைப் பெயர் எழுதித் தனியாக வையுங்கள். உங்கள் கூலியிலிருந்து ஒரு பவுண் உண்டியலில் போடுங்கள். சுவாமி அதை மகிழ்ந்து ஏற்பார்.

இனி நம் பக்கம் பார்ப்போம். கொடுத்துவிட்டு மறந்தவர்கள் யார்? நாம்தானே! வீடு மாறினோம், தொலைபேசி இலக்கம் மாறியது, கடைக்காரருக்குச் சொன்னோமா? கூலி கூடிப்போயிற்று என்று போகாமலே விட்டோமா? அவருடைய உழைப்பு நம்மிடம் கடனாக நிற்கிறது. இறந்துபோன தந்தையின் மணிக்கூடு ஏதோ ஒரு லாச்சிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பணப்பையையும் மேசை லாச்சியையும் ஒருமுறை தேடுங்கள். பழைய பற்றுச்சீட்டு ஒன்று அகப்பட்டால், நாளைக்கே போய்க் கூலியைக் கொடுத்துப் பொருளை எடுத்து வாருங்கள். தாமதத்துக்கு மன்னிப்பும் கேளுங்கள்.

இந்த உடம்பும் ஒருவர் நம்மிடம் தந்துவைத்த ஓடுதான். அவர் கேட்கும் நாளில் கூசாமல் திருப்பிக் கொடுக்க, இந்தச் சிறிய பொருள்களில் பழகிக்கொள்வோம்.

திருச்சிற்றம்பலம்.