கம்பத்தடியில் நின்றவர்

1906-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் நீளம் தாண்டுதலில் இரண்டாமிடம் பெற்றார் அயர்லாந்தின் பீட்டர் ஓ'கானர். அவருக்காக ஏற்றப்பட்டது பிரிட்டன் கொடி. அவரோ கம்பத்தில் ஏறி, பொன் யாழ் பொறித்த பச்சைக் கொடியை அசைத்தார். காவலர்கள் அவரை நெருங்காதபடி கீழே மறித்து நின்றவர்களில் ஒருவர் கான் லேஹி. அதே பந்தயத்தில் உயரம் தாண்டுதலில் 1.775 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர்.

பந்தயத்தில் சேர ஒப்புக்கொண்டவர் அதன் ஒழுங்கை மீறலாமா? பொதுவாகக் கூடாது. விதியை ஏற்பதாக வாக்களித்துத்தான் ஒருவர் களத்தில் இறங்குகிறார். ஆனால் இவர்கள் அயர்லாந்தின் பெயரில், தங்கள் நாட்டுச் சங்கங்கள் அனுப்பி வந்தவர்கள். தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகள் மட்டுமே ஆட்களை அனுப்பலாம் என்ற விதியால், அப்படியொரு குழு இல்லாத அயர்லாந்தின் வீரர்கள் பிரிட்டன் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கேளாமல் சுமத்திய அடையாளத்துக்கு யாரும் வாக்குக் கொடுத்ததாகாது. மேலும், கொடி அசைந்ததால் எவருடைய பதக்கமும் பறிபோகவில்லை. காவலர்களை மறித்ததுதான் உறுத்துகிறது; விதியை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர், தங்கள் வேலையைச் செய்தவர்கள். அந்தக் குறையையும் தராசில் வைத்த பிறகும் தட்டு லேஹியின் பக்கமே தாழ்கிறது.

அதைவிடக் கடினமான கேள்வி 1908-இல் எழுகிறது. லண்டன் ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் அதே பிரிட்டன் அணியில் லேஹி மீண்டும் தாண்டினார். 1.88 மீட்டர் தாண்டி, பிரான்சின் ஆந்த்ரே, ஹங்கேரியின் ஷோமோடி ஆகியோருடன் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார். இந்த முறை எந்தப் பெயரில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். கொள்கையை விற்றுவிட்டார் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 32. தாண்டுபவரின் கால்கள் அரசியல் தீரும்வரை காத்திருப்பதில்லை. விலகி நிற்பது உயர்ந்த தியாகம்தான். ஆனால் தியாகத்தை அவரவர் தாமே தேர்ந்தெடுக்கலாமே தவிர, பிறர் கடமையாக விதிக்க முடியாது. அதே லண்டன் பந்தயத்தில் ஹாக்கியில் அயர்லாந்து தனி அணியாகவே ஆடியது. ஹாக்கியில் கொடுக்க முடிந்த பெயரைத் தடகளத்தில் கொடுக்காதவர்களிடம்தான் முதலில் விளக்கம் கேட்க வேண்டும்.

1909-இல் அமெரிக்காவில் குடியேறிய லேஹி, 1921-இல் நியூயார்க்கில் இறந்தார். அயர்லாந்து தனி நாடாக ஒலிம்பிக்கில் நுழைந்தது 1924-இல்.

பழைய பதிவுகளைத் திருத்தலாமா என்று கேட்டால், இரண்டு பதக்கங்களுக்கும் ஒரே பதில் பொருந்தாது. 1908 வெள்ளி பிரிட்டன் கணக்கில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. தெரிந்தே அவர் ஏற்ற பெயர் அது. 1906 தங்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பந்தயத்தையே இன்று சர்வதேச ஒலிம்பிக் குழு அதிகாரபூர்வமானதாகக் கணக்கில் கொள்வதில்லை என்றாலும், அதைப் பற்றி எழுதுபவர்கள் லேஹியின் பெயருக்கு எதிரே அயர்லாந்து என்று குறிப்பதே நேர்மை.